மே மாதத்துச் சாப்பாடு

ஷர்மிளா பானு வேலை பார்த்த தனியார் பள்ளியில் மே மாதம் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்கு லீவு என்றால் டீச்சர் வயிற்றுக்கும் லீவு என்று நிர்வாகம் நினைத்ததோ என்னவோ. அந்த மாதம் மட்டும் அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுவாள். டீச்சர் என்று மூச்சுவிட மாட்டாள். மத்தியானம் மாடித் தரையில் கடைப் பெண்கள் அவளையும் சேர்த்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, குழம்பை மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். பள்ளியில் அவள் தனியாகத்தான் சாப்பிடுவாள்.

இந்த வருஷம் சேலை எடுக்க வந்த மாணவியின் தாய், “டீச்சர், நீங்களா? இங்கன என்ன செய்றீக?” என்று கடையே திரும்பிப் பார்க்கக் கேட்டுவிட்டாள்.

மறுநாள் பானு மாடி ஏறியதும், நேற்றுவரை அவள் டிபன் பாக்ஸில் கையை விட்டு மீன் எடுத்த கடைப் பெண் ஒருத்தி, சுவரோரம் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டாள்.

“இதுல உக்காருங்க டீச்சர்.”

தரையில் வட்டம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. யாரும் அவளிடம் குழம்பு கேட்கவில்லை.