கல்லிலைக்கு ஒரு கொழுந்து

மகளுடைய விஞ்ஞானப் புத்தகத்தில், கல்லில் பதிந்த இலையொன்றின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா சிரிக்கிறீங்க? இது புதைபடிவம்" என்றாள், கொஞ்சம் கோபமாக. கல்லாய்ப் போன இலையைப் பற்றி எனக்கே பாடம்!

புதுப் புத்தகத்தில் கஞ்சி போட்ட துணி வாசனை அடிக்கும், கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது தையலறை வாசனை. எல்ல என்கிற மலையூருக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முன்பு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் சென்ற பழைய பிள்ளைக் காம்பராவில் ஐந்து பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்தோம். படம் வரைவது மட்டும்தான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு நல்ல புள்ளி வாங்கிய திமிர் வேறு. ஊசியைப் பிடித்தால் என் தையல் எல்ல ரோட்டைப் போல வளைந்து வளைந்து போகும்.

அங்கே ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். அவர் ஊரில் கற்களைப் பற்றிப் படிப்பிக்கிறவராம். நாங்கள் வைத்த பெயர் கல்லு மிஸ். கல்லாய்ப் போன சங்கு, மீன், இலை என்று மூன்று படங்களைக் கொடுத்து, அப்படியே ஒரு போர்வை கேட்டார். பிடித்தால் இன்னும் எட்டு. பிடிக்காவிட்டால் தையலறைக்குப் பூட்டு என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பிறகு நாங்களும் விடிய எழுந்து பெரட்டுக்களத்தில் மலை வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்க வேண்டியதுதான். அந்தக் குளிருக்குப் பயந்தே சங்கின் சுருளை நான்கு தரம் அழித்து வரைந்தேன்.

இலையைத் தைத்தது செல்வராணி அக்கா. பதினைந்து வருஷம் நாலாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்தவர். படத்தில் இலையின் நுனி உடைந்திருந்தது. கல்லு மிஸ் வருகிற அன்று காலையில்தான் பார்க்கிறேன், உடைந்த நுனியில் பளிச்சென்று ஒரு கொழுந்து!

"ஐயோ அக்கா, என்னா வேல செஞ்சிட்டீங்க! படத்துல இது இல்லியே!"

"கொழுந்தில்லாம என்னா எல? வெறும் முத்தெலைய குடுத்தா நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ள வாங்குவாரா?"

அந்தப் பச்சை கடையில் கிடைக்காமல், தன் தீபாவளிச் சேலை முந்தானையிலிருந்து வெட்டியிருந்தார். அதைக் கேட்டபின் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பிரிக்கவும் நேரமில்லை.

கல்லு மிஸ் போர்வையை விரித்தார். கொழுந்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் மனசுக்குள் பெரட்டுக்களத்துக்கே போய்விட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் காரணத்தை உளறிக் கொட்டினேன். மனுஷி விழுந்து விழுந்து சிரித்தார். எட்டுப் போர்வையிலும் கொழுந்து கட்டாயம் வேண்டும் என்றார்.

"போச்சு போ, இனி என் சேல மிஞ்சாது" என்றார் செல்வராணி அக்கா.

மிஞ்சவில்லைதான். தையலறை மட்டும் இன்னும் சில வருஷம் ஓடியது. இப்போது அங்கே உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டியிருக்கிறார்கள். அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

கதையைக் கேட்டு முடித்த மகள், "அந்தப் பெரியம்மா எங்க கொழுந்தெடுத்தாங்க?" என்றாள்.

பழக்கத்தில் ஜன்னல் பக்கம் கையை நீட்டிவிட்டேன். அங்கே தெரிகிற நாலாம் நம்பர் மலையில் இப்போது ஒரு தேயிலைச் செடிகூட இல்லை.