தகரப் பெட்டிக்குள் இருந்த ரேஸ்காரர்

எழுபத்தெட்டாம் வருடத்துச் சூறாவளி அடித்து நாலைந்து நாள் இருக்கும். சம்மாந்துறையில் எங்கள் வளவில் நின்ற தென்னைகளில் மூன்றுதான் மிச்சம். வெயில் எறிக்கத் தொடங்கியதும் ஊரே நனைந்த சாமான்களை வெளியில் கொண்டுவந்து காயப்போட்டது. வேலியெல்லாம் சாரியும் பாயும், முற்றமெல்லாம் நெல்லும் ஓதுகிற கிதாபுமாகக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் வீடு மகளுக்குப் போய்விடும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தாய் தகப்பன் அதே வளவில் பின்னால் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் உம்மாவும் வாப்பாவும் அப்படித்தான் பின்னால் ஓலை வீட்டில் இருந்தார்கள். சூறாவளி அந்தக் கூரையை அப்படியே கொண்டுபோய்விட்டது. அவர்களுடைய பெட்டிகளைத் திறந்து காயப்போடும் வேலை என்னிடம் வந்தது.

அந்த நேரம் நானும் வாப்பாவும் முகம் பார்த்துக் கதைத்து நாலு வருடம். அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாப்பா வாடகைக் கார் ஓட்டினவர். பழைய கறுப்புக் கார். கல்முனைக்குப் போக, அக்கரைப்பற்றுக்குப் போக, மாப்பிள்ளை அழைக்க என்று ஊரில் அதைத்தான் பிடிப்பார்கள். ஆனால் சரியான மெதுவு என்று பெயர். "காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, "ஒங்கட காரில ஏறினா வழியில பசிக்கும், சோத்துப் பார்சலையும் சேத்துத் தாங்க" என்று பகிடி பண்ணுவார்கள். வாப்பா சிரித்துவிட்டுப் போவார்.

எழுபத்து நாலில் என் வயிற்றில் முதல் பிள்ளை. எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒரு நாள் விடிய முந்தி, சுபஹுத் தொழுகை நேரம், நோவு பிடித்தது, இரத்தமும் பட்டது. நான் கட்டின மாப்பிள்ளை அன்று ஊரில் இல்லை. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வெளியில் போய் உம்மாவோடும் வாப்பாவோடும் ஏதோ கதைத்துவிட்டு வந்து, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். பின் சீட்டில் உம்மாவின் மடியில் என் தலை. வாப்பா ஓட்டினார். மாவடிப்பள்ளி தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சைக்கிளின் பின்னால் தயிர்ச் சட்டிகளைக் கட்டிக்கொண்டு போன ஒருவர் எங்கள் காரை முந்திக்கொண்டு போனார்.

"வாப்பா, கெதியாப் போங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. கார் அதே போக்கில்தான் போனது.

பிள்ளை உயிர் இல்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை.

என் மாப்பிள்ளையின் தாய், எனக்கு மாமி, ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அழுதது உள்ளே கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது. சைக்கிள்காரர் முந்தின கதையை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். "வேற காரப் புடிச்சிருந்தா என்ட பேரன் இருந்திருப்பான். சைக்கிள்காரன் முந்திப் போறானாம், இவரு ஊர்வலம் போறாராம்." அதற்கு வாப்பா, "ஓம், நான்தான் மெதுவா ஓடிட்டன்" என்றார். அவ்வளவுதான்.

அன்றோடு என் மனம் அவரை விட்டுப் போய்விட்டது. ஒரே வளவு, ஒரே கிணறு. அவர் வந்தால் நான் எழும்பி உள்ளே போவேன். கல்முனையில் இருந்து நல்ல மீன் வாங்கி வந்தால் நான் சமைக்கிற குசினி வாசலில் வைத்துவிட்டு, ஒரு செருமல் செருமிவிட்டுப் போவார். நான் மீனை எடுப்பேன், ஒன்றும் சொல்லமாட்டேன். இரண்டாவது பிள்ளைக்கு நோவு வந்தபோது வேறொருவருடைய காரைப் பிடிக்கச் சொன்னேன். வாப்பா தன்னுடைய காரைத் துடைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் மற்றக் காரில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன். அந்த முதல் பிள்ளைக்கு நோவு வருவதற்கு இரண்டு நாள் முந்தி நான் கிணற்றடியில் சறுக்கி விழுந்தேன். தண்ணி அள்ளக்கூடாது என்று மாமி சொல்லியிருந்தும் அள்ளப் போனேன். உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "ஒருத்தருக்கும் வாய் திறக்காத" என்றார். பிறகு எப்போதாவது அந்தக் கிணற்றடி ஞாபகம் வரும். வந்ததும் தயிர்க்காரர் முந்திப் போனதை நினைத்துக்கொள்வேன். கிணற்றடி போய்விடும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

உம்மாவின் பெரிய தகரப் பெட்டிக்குள் அடியில், சாரத் துணியில் சுற்றி ஒரு கட்டு இருந்தது. பிரித்தால் படங்கள். ஒன்பதோ பத்தோ. ஓரம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வீடுகளில் ஆட்களுடைய படம் மாட்டுவதில்லை, அப்படி மாட்டினால் மலக்குமார், அந்த வானவர்கள், வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்பார்கள். அதனால் படம் என்றாலே எங்களுக்குப் பெட்டிக்கு அடியில் இருக்கிற சாமான்தான். ஆனால் இவை கல்யாணப் படங்களும் இல்லை. தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரைமார், மலை, தேயிலை, வேலிக்குப் பின்னால் சனம். கூரை இல்லாத ஒரு கார் வளைவில் சரிந்து வருகிறது, அதன் ஒரு சில்லு நிலத்தில் இல்லை. துரை ஓட்டுகிறார். பக்கத்தில் இருக்கிற ஆள் பாதி உடம்பைக் காருக்கு வெளியே நீட்டி, றோட்டில் தலை முட்டுகிற அளவுக்குச் சாய்ந்திருக்கிறார். இன்னொன்றில் அதே ஆள் மோட்டர் சைக்கிளில், நெஞ்சில் நம்பர் கட்டிக்கொண்டு, காற்றில் பறக்கிற மாதிரி வருகிறார். கண்ணில் பெரிய கண்ணாடி. யாரோ கிறுக்கன் என்று நினைத்தேன்.

அடுத்த படத்தில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிறார். முகமெல்லாம் புழுதி. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சோற்றுப் பார்சல் கேட்கிறவர்களைப் பார்த்து வாப்பா சிரிக்கிற சிரிப்பு.

கல்யாணத்துக்கு முந்தி வாப்பா நுவரெலியாப் பக்கம் ஒரு துரையின் கராஜில் வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரேஸ் ஓடினவர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் ஒரு மகளுக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது கோபம். வேகமாக ஓட்டத் தெரியாத மனிதர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரியாதவரிடம் கோபிக்க ஒரு அளவு உண்டு. இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு துரைக்காக, ஒரு கப்புக்காக மலையில் இப்படிப் பறந்தவர், பெற்ற மகள் பின்னால் துடித்துக்கொண்டு கிடக்க, ஊர்வலம் போயிருக்கிறார்.

படங்களை அள்ளிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். வாப்பா விழுந்த கம்புகளை அடுக்கிக்கொண்டு நின்றார். உம்மா பக்கத்தில் நல்ல ஓலையாகத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"இது ஆரு வாப்பா?" என்று கேட்டேன். நாலு வருடத்துக்குப் பிறகு என் வாயில் இருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அது பழைய கதை மகள்" என்றார்.

"பழைய கதையா? வெள்ளைக்காரனுக்கு ஓடின கால், எனக்கு மட்டும் ஏன் வாப்பா ஓடல்ல?" என்று கேட்டுவிட்டு மோட்டர் சைக்கிள் படத்தை இரண்டாகக் கிழித்தேன். நனைந்த படம், சத்தம் இல்லாமல் கிழிந்தது.

வாப்பா குனிந்து இரண்டு துண்டையும் எடுத்தார். "அது கிழிஞ்சா என்ன மகள். நீ வெயிலுக்குள்ள நிக்காத" என்றார்.

உம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை. ஓலையைப் போட்டுவிட்டு எழும்பினார். "நீங்க இன்னும் எத்தின வருஷத்துக்கு வாயப் பொத்திட்டு இருக்கப் போறீங்க?"

"நீ சும்மா இரு புள்ள" என்று வாப்பா உம்மாவைத் தடுத்தார்.

"நாலு வருஷம் சும்மாதானே இருந்தன்" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கம்புக் குவியலில் இருத்தினார். "கேளுகா. நாம ஊட்ட உட்டு வெளிக்கிட முந்தியே ஒண்ட புள்ள அசையல்ல. மருத்துவிச்சி கை வெச்சுப் பாத்திட்டுச் சொல்லிட்டா. புள்ள போயிட்டு, இனித் தாயக் காப்பாத்துங்க, இரத்தம் நிக்குதில்ல, குலுக்காமக் கொண்டு போங்க, ஒரு பள்ளத்தில உழுந்தாலும் கொண்டு போய்ச் சேக்க ஏலாது எண்டா. அந்த றோட்டு என்ன றோட்டுண்டு உனக்குத் தெரியும். ஒண்ட தலை என்ட மடியில கிடந்திச்சே, ஒருக்காவாவது குலுங்கிச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த றோட்டில் பஸ்ஸில் போனால் தலை மேலே போய் முட்டும். தயிர்க்காரர் முந்திப் போனது ஞாபகம் இருக்கிறது. ஒரு குலுக்கம் கூட ஞாபகம் இல்லை. தொட்டிலில் கிடந்த மாதிரி கிடந்தேன்.

"அப்ப ஏன் மாமிக்கிட்ட சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"என்னெண்டு சொல்ற? புள்ள முந்தியே மௌத்தாகிட்டு எண்டா, ஏன் எண்டு கேப்பா. கிணத்தடிக் கதை வரும். தண்ணி அள்ளாத எண்டு சொன்ன மனிசி உன்னச் சும்மா உடுவாவா? ஒண்ட மாப்பிள்ள பெட்டியத் தூக்கிட்டுத் தாய் ஊட்ட போயிருப்பான். கிணத்தடிக் கதைய அவருக்கு மட்டும் நான் சொல்லியிருந்தன். ஒண்ட வாப்பாதான் விறாந்தையில வெச்சுச் சொன்னாரு, நம்மட புள்ளைக்குப் பழி வரப்படா, அது என்ட பேரில கிடக்கட்டும் எண்டு."

வாப்பா கிழிந்த இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் நின்றார். "மெதுவா ஓடுறதுதான் மகள் கஷ்டம்" என்றார் கடைசியில். "ரேஸ்ல ஒரு நாளும் எனக்குக் கை நடுங்கினதில்ல. அண்டைக்கு நடுங்கிச்சு."

மருத்துவிச்சி சொன்னது சரியா பிழையா என்று டாக்டர்மாருக்குத்தான் தெரியும். அவர் சொன்னதை நம்பி வாப்பா ஓட்டினார். எனக்கு அது போதும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் இருந்தே நான் அப்படித்தான், பெரிய பேச்சு ஒன்றும் வராது. உள்ளே போய் நிவாரண மாவில் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, ரொட்டித் தட்டை நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஒரு துண்டைப் பிய்த்துச் சாப்பிட்டார். "சம்பலுக்கு உப்புக் கூடிட்டு மகள்" என்றார். நான் அழுதேன். "உப்புக் கூடினதுக்கு அழுவாங்களா" என்றார்.

கிழித்த படத்தைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சரியாகப் பொருந்தவில்லை. முன் சில்லு ஒரு பக்கம், பின் சில்லு ஒரு பக்கமாக நின்றது. வாப்பா தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் வளைவ நல்லா எடுக்குது" என்றார்.

மாமி மௌத்தான பிறகுதான் என் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பயந்தேன். அவர் எழும்பிப் போய், பின்வீட்டு வாசலில் வாப்பாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்டும் கதைக்கல்ல" என்றார்.

எண்பதோ எண்பத்தொன்றோ, நோன்புப் பெருநாளுக்கு உடுப்பு எடுக்க வாப்பாவின் காரில் கல்முனைக்குப் போனோம். உம்மாவும் என் மகளும் பின்னால், நான் முன்னால். மாவடிப்பள்ளி தாண்டினால் இரண்டு பக்கமும் வயல், றோட்டு நேராகக் கிடக்கும். ஒரு வாகனமும் இல்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"வாப்பா, ஒருக்கா ஓடிக் காட்டுங்களேன்" என்றேன்.

அவர் கண்ணாடியில் பின்னால் உம்மாவைப் பார்த்தார். "அங்க என்ன ரகசியம்?" என்று உம்மா கேட்டு முடிய முந்தி வாப்பா கியரை மாற்றினார். அந்தக் கிழட்டுக் காருக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. வயல் எல்லாம் பின்னால் ஓடியது. உம்மா கலிமாவைச் சொல்லிச் சொல்லி வாப்பாவுக்கு ஏசினார், என் மகள் கைதட்டிச் சிரித்தாள். நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பொடியன் போல இருந்தார்.

கொஞ்சத் தூரம்தான். காரைதீவுச் சந்தி தெரிந்ததும் பழையபடி மெதுவாகிவிட்டார். "காணும் மகள், இவ்வளவு போதும். நீங்க எல்லாரும் இருக்கிற வண்டி" என்றார்.

வாப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. எனக்கும் இப்போது, அவர் போகும்போது இருந்த வயதுக்கு மேல். ஊரில் யாருக்காவது ஏச்சு விழுந்து, அவர் மறுபேச்சுப் பேசாமல் நிற்பதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது, யாரைக் குலுக்காமல் கொண்டுபோவதற்காக இவர் இப்படிப் பேசாமல் நிற்கிறாரோ என்று.