வேப்பமரத்தடி அம்மன் அளந்து கொடுத்த பூங்கா

ஹைதராபாத் போகிறவர்கள் கோட்டை பார்ப்பார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், முத்துமாலை வாங்குவார்கள். நான் ஒரு ஏக்கர் காலி இடத்தைப் பார்க்கப் போனேன். போனது 2008 நவம்பரில். வழக்கு நடந்துகொண்டிருந்ததால் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. இனி எழுதலாம்.

என் அக்கா வசந்தா மதுரையிலிருந்து கல்யாணமாகி அங்கே போனவள். சைனிக்புரியைத் தாண்டி ஒரு காலனியில் வீடு. காலனிப் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பக்கத்து நிலக்காரர் ஒருவர் கம்பி வேலி போட்டு வளைத்துவிட்டார். பூங்கா வேறு எங்காவது இருக்கும், இந்த மண் என் சர்வே எண்ணில் வருகிறது என்பது அவர் வாதம். அனுமதி பெற்ற மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தை யாரும் மனையாக்கி விற்க முடியாது. சட்டம் நம் பக்கம்தான். ஆனால் அந்த இடம் எதுவரை என்று காட்ட வேண்டுமே! அக்கா பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபட நகல் வாங்கி, இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் சர்வேயர் அளந்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது.

"சனிக்கிழமை அளக்க வர்றாங்கடா. இதுல தோத்தா அங்க பதினெட்டு வீடு எழும்பிரும். நீ வந்து பக்கத்துல நில்லு, போதும்" என்றாள் போனில். அவள் குரலில் பயத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

சென்னை சென்ட்ரலில் மாலை 6.10க்கு ரயில், ஸ்லீப்பர் 311 ரூபாய். காலை ஏழரைக்கு செகந்திராபாத். ஆட்டோ 120 கேட்டார்கள். "நக்கோ பாய்", வேண்டாம் அண்ணே, என்று எனக்குத் தெரிந்த ஒரே தக்கனிச் சொல்லை எடுத்துவிட்டேன், 90க்கு இறங்கினார். பத்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். காலனிப் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பி, "மேடம் கா பார்க்?" என்று கேட்டார். மேடம் என் அக்காதான் என்றேன். நான் நீட்டிய நூறில் மீதிச் சில்லறையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

சர்வேயர் பத்து மணிக்கு அளக்கிற செயினும் வரைபடமுமாக வந்தார். நிலக்காரரின் ஆள் ஒருவர் வேலிக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். சினிமா பார்க்க வந்த மாதிரி. சர்வேயர் சொன்னது இதுதான்: வரைபடத்தில் உள்ள பழைய கிணறு இருக்கிறது, அது ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி வேண்டும். மூலைகளில் நட்ட எல்லைக் கற்களில் ஒன்றாவது கிடைக்க வேண்டும். தேடினோம். மூன்று மூலைகளிலும் குழிதான் இருந்தது. நாலாவது மூலையில் வேப்பமரமும் அம்மனும்.

பதினொன்றே முக்காலுக்கு, "கல் இல்லாவிட்டால் எல்லை தெரியவில்லை என்றுதான் எழுத முடியும்" என்று சர்வேயர் தயக்கத்தோடு சொன்னார். குடைக்காரர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியைக் கவிழ்த்திருப்பேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே அம்மனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குடிவந்த புதிதில் வேப்பமரத்தடியில் நட்டிருந்த கல்லைப் பார்த்த அக்கா, இந்த ஊர் அம்மன் என்று நினைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மற்ற வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்பது வருட மஞ்சள், விரல் தடிமனுக்கு ஏறிவிட்டது. வேலி போட்டவர்கள்கூட வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஓர் ஆள் நுழைய வழி விட்டிருந்தார்கள். அம்மனோடு வம்பு வேண்டாமென்று.

சர்வேயர் நிழலுக்காக அங்கே போய், செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு குனிந்து கல்லையே பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். "இது எந்த அம்மவாருங்க?" என்று கேட்டார்.

"உங்க ஊர் அம்மன்தானே சார்?" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டு லட்சுமி, விஜயவாடாக்காரர், திடுக்கிட்டார். "ஐயோ, மீ தமிழ்வாள்ள அம்மவாரு அனுக்குன்னானு!" உங்கள் தமிழ் அம்மன் என்றல்லவா நினைத்தேன் என்கிறார். ஒன்பது வருடமாக ஒருவர் சாமியை மற்றவர் மரியாதைக்காகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள்!

மஞ்சளை எடுக்க வேண்டும் என்றார் சர்வேயர். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அபிஷேகம்னு நினைச்சுக்கறேன்" என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தாள். இரண்டாம் குடத்தில் கருங்கல் தெரிந்தது. மூன்றாம் குடத்தில், உளியால் செதுக்கிய அம்புக்குறி.

"இதி அம்மவாரு காதம்மா. ஹத்து ராயி" என்றார் சர்வேயர். இது அம்மன் இல்லை, எல்லைக் கல்.

குடைக்காரர் எழுந்துவிட்டார். மூன்று கற்களைப் பிடுங்கியவர்கள் நாலாவதை மட்டும் பயந்து விட்டுவைத்திருக்கிறார்கள், பாருங்கள். கிணற்றிலிருந்து கல்வரை செயின் போனது. வரைபடத்தில் என்ன அளவோ அதே அளவு, ஓர் அடி கூடவில்லை, குறையவில்லை. வேலி போட்ட இடம் முழுக்கப் பூங்காவுக்குள். சர்வேயர் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார். லட்சுமி குலவையிட்டார், அக்கா என் தோளில் முகம் வைத்து அழுதாள். நானும்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

அந்த அறிக்கையை வைத்துத்தான் போன வாரத் தீர்ப்பு. மாநகராட்சியே வந்து வேலியைப் பிடுங்கிப் பலகை வைத்துவிட்டது. போனில் அக்கா பேசியதைவிடப் பின்னால் கேட்ட கிரிக்கெட் கூச்சல்தான் அதிகம்.

போக விரும்புகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போனால் வெயில் இல்லை. கட்டணம் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. செகந்திராபாத்திலிருந்து பஸ்ஸும் உண்டு, ஒரு மணி நேரம் ஆகும். போகாதவர்களுக்கு: உங்கள் தெருப் பூங்காவின் வரைபட நகலை இப்போதே வாங்கி வையுங்கள்; சண்டை வந்தபின் தேடினால் கிடைக்காது. அப்படியே மூலைக் கற்கள் இருக்கின்றனவா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். இருந்தால் தாராளமாக மஞ்சள் பூசுங்கள். அம்புக்குறிக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டுப் பூசுங்கள்.