முதல் பக்கத்தில் ஒரு பெயர்

அந்தப் பதிப்பாளருக்கு அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர் ‘திறந்த வீடு’. அவர் போடும் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதிலுள்ள எண்ணை இணையதளத்தில் போட்டு, பெயரைத் தட்டினால் அதே புத்தகம் மின்நூலாகவும் இலவசமாக இறங்கும். பிறருக்கு அனுப்ப முடியாதபடி பூட்டெல்லாம் கிடையாது. முதல் பக்கத்தில் தட்டிய பெயர் மட்டும் இருக்கும்.

“வாங்கினவனைத் திருடனா பாக்கணுமா? தன் பேரைப் பாத்தாலே அடுத்தவனுக்கு அனுப்பக் கூச்சப்படுவான்யா” என்பார். முறுக்க மீசை இல்லாததுதான் குறை.

புத்தகங்களைக் கடைகளுக்கு அனுப்பும் விநியோகஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். “ஒண்ணு வெளிய கசிஞ்சாலும் பூட்டு போடணும். இல்லேன்னா உங்க புத்தகத்தை நான் தொடமாட்டேன்.”

பதிப்பாளர் யோசிக்காமல் தலையாட்டினார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

வீட்டு மின்சாரப் பழுதுகளைப் பற்றிய புத்தகம் அடுத்து வந்தது. படங்களுக்கே இரண்டு வருடம் பிடித்தது. வெளியான மூன்றாம் வாரம் விநியோகஸ்தர் வந்து மேஜைமேல் போனை வைத்தார்.

“உங்க மின்நூல் போன்ல குழு குழுவா சுத்துது. எந்த மகராசன்னு நீங்களே பாருங்க.”

ஆளை நாறடித்துவிடும் வேகத்தில் பதிப்பாளர் கண்ணாடியை மாட்டினார். அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெண்மணியையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். முதல் பக்கம் திறந்தது.

‘என் செல்லத் தங்கச்சிக்கு.’

புத்தகம் கொடுக்கப் போன அன்று, தங்கையின் போனை வாங்கிப் பதிப்பாளரே தட்டிய பெயர் அது. மெய்ப்புப் பெண்மணி சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பதிப்பாளர் தங்கைக்குப் போன் போட்டார்.

“ஆமாண்ணா, நான்தான் எல்லாருக்கும் அனுப்பினேன். எங்கண்ணன் போட்ட புத்தகம்னு காட்ட வேணாமா? நான் இன்னும் புரட்டக்கூட இல்ல. நீ குடுத்தது அலமாரியில புத்தம்புதுசா இருக்கு.”

முகம் தெரியாத திருடனுக்கென்று எத்தனையோ வசவு சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் தங்கைக்கு ஆகாது. “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

அடுத்த புத்தகம் பூட்டோடு வந்தது. முதல் பக்கத்தில் யார் பெயரும் இல்லை. ஒரு பிரதி, ஒரே போன். அந்த வாரமே தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, எங்க வீட்டுக்காரர் போன்ல இறக்கினது என் போன்ல திறக்கவே மாட்டேங்குது. எங்களையெல்லாம் திருடங்கன்னு நினைச்சிட்டியா?”

“உன்னையில்லம்மா. ஊர்ல ஆளுங்க சரியில்ல.”

“அதானே! எவனோ பண்ற வேலைக்கு நாம கஷ்டப்பட வேண்டியிருக்கு.”

“ஆமாம்மா” என்றார் பதிப்பாளர்.