கரும்பலகையின் வலது மூலை

கோவைக்கொடி இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்தால் ஒரு பச்சை வாசனை எழும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அது எங்கள் விரலிடுக்குகளில் ஏறிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் வரை போகாது. சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகும் சாலையில், நெல்வயலுக்கு முதுகைக் காட்டி நின்ற எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில், கரும்பலகைக்குக் கரி பூசுவது எட்டாம் வகுப்பின் வேலை. பூசிய பலகையின் வலது மூலையில் சின்னதாகக் கட்டம் போட்டு, "பதிவு" இத்தனை, "வருகை" இத்தனை என்று தினமும் காலையில் எழுதுவது "லீடர்" வேலை. லீடர் நான்தான். அந்தக் கட்டத்தின் மேல் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் சிரிப்பு வருவதில்லை.

பதிவு முப்பத்தொன்று. அதில் பாதிக்கு மேல் என்னைப் போல வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். நெல், வாழை, தென்னை என்று சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள், அதனாலேயே படிப்பிலும் பெரிய அவசரம் இல்லாதவர்கள். மற்றவர்களை "மலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக" என்போம். அவர்களுடைய அம்மாக்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். காய் எடுக்கும் மாதங்களில் சில குடும்பங்கள் தோட்டத்து "லயத்து" வீடுகளிலேயே தங்கிவிடும், பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். அப்போது என் கட்டத்தில் பதிவு அப்படியே நிற்க, வருகை மட்டும் இறங்கும்.

அப்படி இறங்கும் எண்ணிக்கையில் ஒருத்தி பாண்டியம்மாள். வகுப்பில் முதல் மாணவியும் அவளே. ஒரு மாதம் மலையில் இருந்துவிட்டு, சட்டையில் ஏலக்காய் வாசனையோடும், எதற்கெடுத்தாலும் போதும் என்பதற்கு "மதி, மதி" என்கிற மலையாளத்தோடும் வந்து என் பக்கத்தில் உட்காருவாள். என் நோட்டை இரண்டு நாள் வாங்கி வைத்திருந்துவிட்டு, அதே கணக்கை என்னைவிட இரண்டு வரி குறைவாகப் போட்டுக் காட்டுவாள். காலாண்டில் அவள் முதல், நான் இரண்டாவது. என் அம்மா ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, பாதி நாளு பள்ளிக்கூடமே வராத பிள்ளை உன்னய முந்திருச்சே, நீ தெனமும் அங்கன போயி என்னத்தத்தான் பண்றே?" என்று கேட்டாள். சும்மா கேட்டதுதான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகையில் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பாண்டியம்மாளும் இரண்டு பையன்களும் அப்போது மலையில் இருந்தார்கள். நாங்கள் "பெரிய சார்" என்று சொல்லும் தலைமையாசிரியர் முதல் நாள் மாலை என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஆபீசர் வாராக. பதிவும் வருகையும் ஒண்ணா இருக்கணும், பாத்து எழுதிரு" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக்கூடத் தெரியும். ஏழாம் வகுப்பிலிருந்து வளர்த்தியான மூன்று பேரைக் கூட்டிவந்து எங்கள் பின்பெஞ்சில் உட்கார வைப்பார்கள்; நான் இரண்டு இடத்திலும் முப்பத்தொன்று என்று எழுத வேண்டும்.

நான் இரண்டு இடத்திலும் இருபத்தெட்டு என்று எழுதினேன்.

அதிகாரி வந்தார், விரலை நீட்டித் தலைகளை எண்ணினார், மூலையைப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். "என்னம்மா இது, போர்டுல இருக்கிறதவிட மூணு தலை கூட இருக்கே?" என்றார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் யாரும் கேட்காமலே எழுந்து, "நான் ஏழாவது சார்" என்றான். வகுப்பே சிரித்தது, பெரிய சாரைத் தவிர. அதிகாரி வருகைப் பதிவேட்டை வாங்கிப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். அதையும் மதிப்பெண் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மொத மார்க் எடுக்கிற பிள்ளையே காணோமே" என்றார். ஒரு வாரத்துக்குள் மூன்று பேரும் வராவிட்டால் பெயர்களை நீக்கிவிட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

"ஒண்ணா இருக்கணும்னுதான சார் சொன்னீக" என்று நான் அழுதேன். சார் அடிக்கவில்லை. "வெவரம் தெரியாத பிள்ளை, போ" என்றார். அந்தப் பெயர் எனக்கு ஊரெல்லாம் நின்றுவிட்டது, நானும் அதை வசதியாக வைத்துக்கொண்டேன். ஆனால் மூன்றைக் குறைத்தபோது அந்த மூன்றில் ஒன்று யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பாண்டியம்மாள் பெயர் இல்லாவிட்டால் ரேங்க் கார்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பெரிய சார் தோட்டத்து ஆட்களோடு ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மலையேறினார். இரண்டு பையன்களைக் கூட்டி வந்துவிட்டார். பாண்டியம்மாளின் அம்மா சரிவில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து லயத்தில் கிடந்தாள். அவளுக்குப் பதிலாக மகள் காய் எடுத்தால்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். கெடு முடிந்த காலையில் சார் வகுப்புக்கு வந்து, "பதிவு முப்பதுன்னு எழுது" என்றார். நான் எழுதி முடிக்கும்வரை நின்றிருந்தவர், "பேரு இருந்தா பிள்ளை என்னைக்காச்சும் வந்துரும்னுதான் வச்சிருந்தேன்" என்றார், என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. பதிவு குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும், அதற்காகத்தான் பெயர்களைக் கட்டிக் காக்கிறார் என்று ஊரில் பேச்சு உண்டு. அதுவும் உண்மையாக இருக்கலாம். அரையாண்டில் நான் முதல். அம்மா கேசரி கிண்டினாள், வெட்கத்தோடு தின்றேன்.

இப்போது நான் இதே பள்ளத்தாக்கில் வேறொரு நடுநிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியை. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் டையைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது மலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும்தான். போன ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்க்க மகளோடு ஒருத்தி வந்தாள். "இங்கன பேர மட்டும் எழுதிக்கங்க டீச்சர். காய் எடுப்புல ரெண்டு மாசம் வர முடியாது, அப்புறம் கொண்டாந்து விட்டுர்றேன்" என்றவள், என்னை உற்றுப் பார்த்தாள். பாண்டியம்மாள். "அடியே, நீயா! ஆபீசர் வந்தன்னிக்கு வெவரம் தெரியாம குறைச்சு எழுதிட்டியாம்ல, பயலுக சொல்லிச் சிரிச்சாய்ங்க" என்று அவளும் சிரித்தாள்.

"வெவரம் தெரிஞ்சுதான் எழுதுனேன் பாண்டி" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு மகளை என் மேசையருகே தள்ளிவிட்டு, "மதி. மொதல்ல இவ பேர எழுது" என்றாள்.

இப்போது பலகை வெள்ளையாகிவிட்டது. கரி பூசுவதில்லை, மூலையில் கட்டமும் கிடையாது. வருகையைச் செல்போனில் பதிகிறோம். இந்த மாதம் அந்தப் பிள்ளை மலையில் இருக்கிறாள். அவள் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று தினமும் காலையில் நானே பதிகிறேன். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, இத்தனை நாளாக வராத பெயரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

"வந்துருவா சார்" என்கிறேன்.