சித்தூரில் மட்டும் உறுமிய விண்கப்பல்

ஒரே படத்துக்கு டிஸ்க்கில் கொடுத்திருக்கும் மூன்று ஒலிப்பதிவுகளையும் வரிசையாகப் போட்டு, டிவியோடு காதை ஒட்டவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாசமாக்கிய முட்டாள் நான்தான். காலையில் தீவனக் கடையைக் கடக்கும்போது மூக்கிலேறிய கடலைப் புண்ணாக்கு வாசனைதான் காரணம். எழுபதுகளின் கடைசியில், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் சித்தூர்த் தகரச் சினிமாக் கொட்டகை முழுக்க அதே வாசனை வீசும். அங்கே மூட்டைப்பூச்சிகளுக்கு ரத்ததானம் செய்தபடி மாட்னியில் நான் பார்த்த அந்த வெள்ளைக்காரப் படத்தில், விண்கப்பல் திரைக்குள் நுழைந்ததும் பெஞ்சு நடுங்கியது, தடதடவென்ற உறுமல் முதுகுத்தண்டில் ஏறியது, வயிற்றுக்குள் கோலி சோடா குலுங்கியது.

அதையே திருப்பதியில் பார்த்த மாமா மகன் ஜெயசீலன், "கப்பலு பூனையாட்டம் போச்சி, நீ புளுவுற" என்று தெருவே சிரிக்கும்படி சொன்னான். புளுகன் என்ற பட்டம் பள்ளிக்கூடம் முடியும்வரை என்னை விடவில்லை.

இப்போது கேட்டால், சின்னக் கொட்டகைகளுக்குப் போன பதிவாம், பெரிய தியேட்டர்களுக்கானதாம், புதிதாக மெருகேற்றியதாம், மூன்றிலும் கப்பல் பூனைதான்! எவனோ என் உறுமலைத் துடைத்தெறிந்திருக்கிறான். கொதித்துப்போய் ஜெயசீலனுக்கே போன் போட்டேன்.

"திருட்டுப் பசங்க, என் சத்தத்தையே தூக்கிட்டானுங்கடா! பெஞ்சே அதிர்ந்துச்சிடா!"

அவன் கொட்டாவி விட்டான்.

"அது செவுத்துக்கு அந்தாண்ட ஓடிக்கினு இருந்த கடலெண்ண மில்லு, மச்சான்."