உட்கார்ந்த இடத்தில் நாலு கிலோமீட்டர்

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் வீட்டு வரவேற்பறையில் என் மானம் போனது. சும்மா போகவில்லை. டிக்... டிக்... டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு போனது.

எனக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "தினம் நாலு கிலோமீட்டர் நடக்கணும். மூணு மாசத்துல இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்." ஐம்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை ஊசிக்குப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள். பயப்படுகிறேன். அவ்வளவுதான்.

சரி, நாலு கிலோமீட்டர் என்றால் எது வரை? அபிராமபுரத்தில் என் வீட்டு கேட்டிலிருந்து மயிலாப்பூர் குளம் எவ்வளவு தூரம்? தெருமுனை ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"போறதுக்கு ரெண்டு கீது சார். வர்றதுக்கு மூணு."

"அதெப்படிப்பா? அதே குளம், அதே வீடு..."

"வர்றப்போ ஒன்வே சார். சுத்திக்கினுதான் வரணும்."

"நான் நடந்து போகப் போறேன்பா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ என்னை ஏன் சார் கேக்கறே?"

நியாயமான கேள்வி.

இந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் ஒரு பெடோமீட்டரைக் கையில் திணித்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் அடிக்கு ஒரு டிக். முகப்பில் முள் நகர்ந்து எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். பிரமாதம்!

முதல் நாள் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சட்டை தொப்பலாக நனைந்து வீடு திரும்பினேன். முள்ளைப் பார்த்தால்... முக்கால் கிலோமீட்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் குளத்திலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

கூடவே வந்த குறிப்பேட்டைப் புரட்டினேன். நம் ஒரு எட்டு எத்தனை அங்குலம் என்று அளந்து கருவியில் வைக்க வேண்டுமாம். மொட்டை மாடியில் ஈரக் காலோடு பத்து எட்டு நடந்தேன். மனைவி வசந்தா பின்னாலேயே இன்ச் டேப்போடு வந்து ஒவ்வொரு சுவடாக அளந்தாள்.

"கிருஷ்ண ஜெயந்தி மாதிரி இருக்கு. சீடை எங்கே?" என்றேன்.

"டாக்டரைக் கேளுங்கோ, தருவார்."

அளவை மாற்றி வைத்தேன். மறுநாள் முள் ஒரு கிலோமீட்டருக்கு நகர்ந்தது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. மறுபடி குறிப்பேடு. கருவி பெல்ட்டில் நேராகத் தொங்க வேண்டுமாம், சாய்ந்தால் அடிகளை எண்ணாதாம். என் தொப்பைக்குக் கீழே எது நேராகத் தொங்கும், சொல்லுங்கள்? ஒரு வாரம் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று மாட்டிப் பார்த்து வெறுத்துப்போய், கடைசியில் பேன்ட் பாக்கெட் விளிம்பில் செருகினேன்.

அன்று ராத்திரி பார்த்தால் நாலரை கிலோமீட்டர்! வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்படியா?" என்றாள். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ராஜயோகம்தான். ஆபீசில் பதினோரு மணிக் காபிக்குள் இரண்டு கிலோமீட்டர் தாண்டிவிடும். எதற்குச் சாயங்கால நடை? நிறுத்தினேன். மழை வந்தது. காலை நடையும் நின்றது. அப்போதும் நாலு! சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நான் ஆபீசில் ஃபைலுக்கும் டீக்கும் நடப்பதையெல்லாம்கூட விடாமல் எண்ணுகிறதே என்று கருவியை மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கினால், சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருந்தது.

டாக்டர் வீட்டில் நானும் வசந்தாவும் ரிப்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஊசி ஞாபகம்தான். அறையில் ஒருவரும் பேசவில்லை. டிக்... டிக்... டிக்...

வசந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது நின்றுபோயிருந்தது. பிறகு மெதுவாகக் குனிந்து என் முழங்காலைப் பார்த்தாள். அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள். டிக்... டிக்...

"காலை ஆட்டாதேங்கோ, ஆத்துக்கு ஆகாதுன்னு இருபத்தஞ்சு வருஷமா கத்திண்டிருக்கேன்" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. "இதுதானா உங்க நாலு கிலோமீட்டர்?"

எதிரே இருந்தவர் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பத்திரிகை குலுங்கியது. உள்ளே விஷயத்தைக் கேட்டு டாக்டரும் சிரித்தார், ஆனால் ஊசியை மறக்கவில்லை. "ஒரு மாசம் டைம் தர்றேன் சார். ரோட்டுல நடங்க. நாற்காலியில இல்ல."

யோசித்துப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. குறைவாகக் காட்டியபோது டேப்பும் குறிப்பேடுமாக ஒரு வாரம் அந்தக் கருவியைப் பாடாய்ப் படுத்தினேன். அதிகமாகக் காட்டியபோது? ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி கேட்டேனா? நமக்குச் சாதகமாகத் தப்பு செய்கிற எதையும் நாம் ரிப்பேருக்குக் கொடுப்பதில்லை.

இப்போது வசந்தா நாடா தைத்துக் கொடுத்திருக்கிறாள். கருவி இடுப்புக்குப் பக்கத்தில் நேராக நிற்கிறது. நூறு அடி எண்ணி நடந்து சரிபார்த்தாயிற்று. நடந்து வந்ததும் கழற்றி அவளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. நேற்று இரண்டே முக்கால். நிஜமான இரண்டே முக்கால். கால் வலியே சாட்சி.

நல்லவேளை, இதை எழுதும்போது அது அவளிடம் இருக்கிறது. என் பாக்கெட்டில் இருந்திருந்தால் இந்தப் பத்தி மட்டுமே ஒன்றேகால் கிலோமீட்டர் காட்டியிருக்கும்.